நூற்று அறுபது எழுத்துக்குள் அம்மா

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் ஒருநாள் தொடுபோனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டன் வைத்த மடக்குபோன் ஒன்றை வாங்கிக்கொண்டான். அவன் வேலை என்னவென்றால், மற்றவர்கள் நாள் முழுக்கத் தொடுபோனைப் பார்த்துக்கொண்டிருக்க வழி செய்யும் மென்பொருள் எழுதுவது. அதில் வரும் சம்பளத்தில் அவன் மட்டும் நிம்மதியாக இருக்க முடிவெடுத்தான். கல்யாணம் வேண்டாம் என்றவன், கார் வேண்டாம் என்றவன், இப்போது வாட்ஸப்பும் வேண்டாம் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. அதை விளக்கி எனக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினான். அதில் கவனம் என்ற சொல் வராத பத்தியே இல்லை.

அந்த மின்னஞ்சலின் கடைசியில்தான் எங்களுக்கான கட்டளை இருந்தது. இனிமேல் அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். ஆனால் வழக்கமான முகவரிக்கு அல்ல. அதை அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறந்து பார்ப்பான். அவனுடைய போன் நம்பரைப் போட்டு, பக்கத்தில் அந்த அட் குறியைப் போட்டு, அவன் சிம் வாங்கியிருக்கும் கம்பெனியின் முகவரியைப் போட வேண்டும். அந்த ஊர்க் கம்பெனிகள் அப்படி வரும் அஞ்சலைக் குறுஞ்செய்தியாக மாற்றிப் போனுக்குத் தள்ளிவிடுமாம். தலைப்பு எழுதக் கூடாது. படம் கூடாது. தமிழ் எழுத்து கூடாது, கட்டம் கட்டமாக வருமாம். நூற்று அறுபது எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

கோயிலில் கூட இவ்வளவு நிபந்தனை கிடையாது. சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அம்மா கீழ்பென்னாத்தூரில், அப்பா விட்டுப்போன நிலத்தையும் அதில் போட்ட கடலையையும் ஒரு மாட்டையும் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். சனிக்கிழமை தோறும் நான் அங்கே போவேன். அண்ணன் முன்பெல்லாம் வாரம் ஒருமுறை வாட்ஸப்பில் பேசுவான். புது ஏற்பாட்டுக்குப் பிறகு அதுவும் நின்றது. அம்மா சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்ப வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குப் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் மோட்டாரிலிருந்துதான் ஆரம்பிக்க வரும். மோட்டார் எப்படி மக்கர் பண்ணியது, மெக்கானிக் வராமல் எப்படி ஏய்த்தான், அதற்குள் மழை வந்தது, மழையில் எதிர்வீட்டுக் கன்று நனைந்தது, அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனது என்று போய், கடைசியில் மகனிடம் வந்து நிற்பாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் இப்படி அனுப்புவேன்: "மோட்டார் ரெடி. மழை ஓகே. அம்மா நலம்."

"இன்னாடி, அவ்ளோதானா நான் சொன்னது?" என்றாள் முதல் வாரம்.

"இதுக்கு மேல போனா அறுத்துடுவாங்கம்மா."

"யாரு அறுக்கறது?"

"அந்த ஊரு சிம் கம்பெனி."

"அவங்களுக்கு இன்னாத்துக்கு எங்க வீட்டுப் பேச்சு?"

பதில் மறுநாள் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து, கே. சரி என்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் சுருக்கமாம். அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் காட்டினேன். போனை வாங்கி, எழுத்துக்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று திரையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

ஒருமுறை எதிர்வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்காகத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவும் துணைக்குப் போனாள். அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நீண்டுவிட்டது. எண்ணிப் பார்க்கவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கூட்டிப்போனார்கள் என்பது வரை அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரிக்குப் பெண் குழந்தை என்பது கம்பெனிக்காரனிடமே தங்கிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அம்மாவின் போன் அடித்தது. பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் குரல்.

"அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினான்.

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கறேன். நீ சாப்ட்டியா?" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. அவன் என்னைக் கூப்பிடச் சொல்லி, எழுத்து எண்ணிக்கையைப் பற்றித் திட்டிவிட்டு வைத்தான். அம்மாவுக்கு அது காதிலேயே விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனை எடுத்ததும் சொன்னாள்: "அதே மாதிரி இன்னொண்ணு போடு, பாப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் அந்தக் கவன சிகாமணியின் மேல் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான இளக்காரம் பிறந்தது. அதுவரை வெறும் எரிச்சல்.

நிம்மதியைத் தேடிய அண்ணனுக்குப் போன் பில்லில் மட்டும் நிம்மதி கிடையாது. எந்தக் கம்பெனியில் கட்டணம் கம்மி என்று பார்த்துப் பார்த்து மாறுவான். நம்பர் அதேதான். ஆனால் கம்பெனி மாறினால் அட் குறிக்குப் பின்னால் இருக்கும் வால் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் புது வாலை எங்களுக்கு அறிவிப்பான். பழைய முகவரியை அழித்துவிடும்படி கண்டிப்பாக எழுதுவான். ஒரு மனிதனுடைய நம்பர் தெரிந்தால் போதாது, அவன் இந்த மாதம் யாருக்குக் காசு கட்டுகிறான் என்பதும் தெரிந்தால்தான் அவனிடம் பேச முடியும் என்கிற நிலைமையை என் அண்ணன் ஒரு சாதனை போலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் கடலை பிடுங்கும் சமயத்தில் அம்மா களத்து ஓரத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு வேனைப் பிடித்து, அம்மாவைப் படுக்க வைத்து டவுனுக்குக் கொண்டு வந்தார். ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு, எழுத்தை எண்ணி எண்ணி, அண்ணனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை என்று திரும்பியும் வரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டால் கூட ஒரு சத்தம் கேட்கும். வழக்கமான முகவரிக்கும் அனுப்பி வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை தரிசனத்துக்காக. என் போனிலும் அம்மாவின் போனிலும் வெளிநாட்டுக்குக் கூப்பிட வசதி இல்லை. வீட்டுக்காரர் தன் போனில் காசு போட்டு நேராகக் கூப்பிட்டார். தெரியாத நம்பரை அண்ணன் எடுப்பதில்லை. அதுவும் கவனம் சம்பந்தப்பட்டதுதான்.

உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் அம்மா கேட்டாள்: "அவன் இன்னா சொன்னான்?"

"இன்னும் பதில் வர்லம்மா."

"வேலை ஜாஸ்தியா இருக்கும்," என்றாள். அவனுக்காகச் சமாதானம் சொல்ல, வலி மருந்து மயக்கத்திலும் அவளுக்கு முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மாவை வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் அஞ்சல் திறந்தான், போன் செய்தான். நான் எடுத்தேன். அழுவான் என்று நினைத்திருந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி:

"எந்த அட்ரஸுக்கு அனுப்பின?"

சொன்னேன்.

"அது பழசு. நான் கம்பெனி மாறிட்டேன்."

"எங்களுக்குச் சொல்லலியே."

"எழுதி வச்சிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழம எல்லாருக்கும் அனுப்பலாம்னு இருந்தேன்."

நான் போனை அம்மாவின் காதில் வைத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு வெகுநேரம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவன் கம்பெனி மாறினால் அஞ்சல் எங்கே போய் நிற்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் இரும்பு வைத்துப் படுத்திருக்கும் அம்மாவிடம். கடைசியில் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாவை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். அடுத்த மாதம் அண்ணன் ஊருக்கு வந்தான். தேதி பார்க்காமல் டிக்கெட் எடுத்திருக்கிறான். அன்றைக்குப் பௌர்ணமி கிரிவலம். வண்டிகளை எல்லாம் டவுனுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஏர்போர்ட்டிலிருந்து வந்த காரும் திண்டிவனம் ரோட்டில் தற்காலிக பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவனை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அவனுடைய மடக்குபோன் இந்த ஊரில் வேலை செய்யாது. என் நம்பரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். முதலில் சுண்டல் விற்கும் ஒரு அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டான். எங்கே நிற்கிறாய் என்றேன். கூட்டமாக இருக்கிறது என்றான். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கூட்டமாக இருக்கும் இடம்! லொகேஷன் அனுப்பச் சொல் என்றால் அந்தம்மாவுடையதும் பட்டன் போன். அவள் வயிற்றுப்பாட்டுக்கு வைத்திருந்தாள். அவன் கொள்கைக்காக வைத்திருந்தான். பிறகு ஒரு ஆந்திரா பக்தரின் போன், அதற்குப் பிறகு பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரின் போன். அந்தப் போலீஸ்காரர்தான் இடத்தைச் சொன்னார். சந்து சந்தாக ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போய், கால் வலிக்க நடந்து வரும் ஜனங்களுக்கு நடுவே, சக்கரம் வைத்த பெட்டியோடு நின்றிருந்தவனை ஏற்றி வந்தேன்.

"செம கூட்டம். ஆனா பாரு, எல்லாரும் எவ்ளோ நல்லா போன் குடுத்தாங்க," என்றான் பின்னால் உட்கார்ந்துகொண்டு.

வீட்டுக்கு வந்த நாள் முதல் என் போன் அவனுடையது. பிஸியோதெரபிக்கு நேரம் வாங்க என் போன். டீக்கடையில் ஸ்கேன் செய்ய என் போன். திரும்பிப் போகும் டிக்கெட்டை மாற்ற என் போன், அதற்கு வரும் ஓடிபிக்கும் என் போன். பள்ளிக்கூடத்துக் குழுவில் பெற்றோர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். போன் அண்ணன் கையில் இருக்கும். ஒரு காலை, அதைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னான்:

"எப்பப் பாரு டிங் டிங்னு. இத வச்சிக்கினு எப்படித்தான் நிம்மதியா இருக்கியோ."

நான் அடுப்பை நிறுத்தினேன்.

"நான் எங்கண்ணா நிம்மதியா இருக்கறேன்? உன் நிம்மதியையும் சேர்த்து நான்தானே தூக்கினு திரியறேன்."

"அப்படி இல்ல பாப்பா. நீ விஷயத்தப் புரிஞ்சிக்கல. மனுஷனோட கவனம் இருக்கு பாரு..." என்று ஆரம்பித்தான். அந்தப் பழைய மின்னஞ்சலை முதல் பத்தியிலிருந்து வாயால் சொல்லிக்கொண்டு வந்தான். கூடத்துக் கட்டிலில் அம்மா வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் சொன்னாள்:

"தம்பி, கொஞ்சம் நூத்தி அறுவதுக்குள்ள சொல்லுப்பா. எனக்கு இடுப்பு வலிக்குது."

அண்ணன் நிறுத்தினான். அம்மா கேலி செய்தாளா, உண்மையாகவே வலித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நிற்கக் கை நீட்டினாள். அவன் போய்ப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு முழுக்க அவன் கவனத்தைப் பற்றிப் பேசவில்லை. என் போனைக் கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

அவன் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு, அந்த நாட்டுக் கம்பெனிகள் அஞ்சலைக் குறுஞ்செய்தியாக்கும் சேவையை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தன. வேண்டாத விளம்பரமெல்லாம் அந்த வழியாகவே வருகிறதாம். அண்ணன் அந்தச் சேவை இருக்கும் கம்பெனியைத் தேடிக் கொஞ்ச நாள் ஓடினான். அப்புறம் ஓட இடமில்லை. தொடுபோன் வாங்கிவிட்டான். அதற்கும் ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது. கம்பெனிக்காரன் கதவைச் சாத்தினான் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. நன்றாக யோசித்து, தானாகவே எடுத்த முடிவு என்று இருந்தது. பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்து இரண்டு பத்தி படித்தேன். மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன். மீதியை இதுவரை படிக்கவில்லை.

அம்மா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். கீழ்பென்னாத்தூருக்கே திரும்பிவிட்டாள். என் பழைய தொடுபோனை அவளுக்குக் கொடுத்து, அண்ணன் படத்தைத் தொட்டால் அவனுக்குப் போகும் என்று மட்டும் காட்டிக்கொடுத்தேன். வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அவன் படத்தைத் தொடுகிறாள். அங்கே அது அவன் ஆபீஸில் மீட்டிங் நடக்கும் காலை நேரம்.

போன வாரம் அண்ணன் எனக்குப் போன் செய்தான். "அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லேன், பாப்பா. நேரம் பாத்து கூப்பிடச் சொல்லு. எல்லார் முன்னாடியும் அடிக்குது."

"நீயே சொல்லுண்ணா," என்றேன். "இப்பதான் நேராப் பேசலாமே."

நேற்று அம்மாவிடம் கேட்டேன், அவன் ஏதாவது சொன்னானா என்று. "இன்னா சொல்லப்போறான்? எப்பக் கூப்ட்டாலும் எடுக்கறான்," என்றாள்.