மர்சூக் எழுதிய பதினேழு கதைகள்

கட்டுகஸ்தோட்டையில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து வந்த ஜெஸீமாவின் வீட்டுக்கு, கணவர் மர்சூக் இறந்த ஏழாம் மாதம், அவர் பெயரில் ஒரு கடிதம் வந்தது. 1996ஆம் ஆண்டு. பன்விலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் பத்து நாள் எழுத்து முகாம். அங்கேயே தங்கி ஆளுக்கொரு புதிய கதை எழுதலாம். 'கண்டி மர்சூக்' கட்டாயம் வர வேண்டும் என்று அமைப்பாளர் செல்லச்சாமி எழுதியிருந்தார்.

மர்சூக் தம் வாழ்நாளில் ஒரு கதையும் எழுதியவரல்லர். கொழும்பு வீதியில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர். வாரப் பத்திரிகையில் பன்னிரண்டு வருடங்களில் வெளிவந்த பதினேழு கதைகளும் ஜெஸீமா எழுதியவை. பத்திரிகையில் தங்கையின் பெயர் வந்தால் அவளுடைய அண்ணன் ஜமால்தீன் நானா வீட்டு வாசலை மிதிக்க மாட்டார் என்று அவள் தயங்கியபோது, மர்சூக்தான் வழி சொன்னார்.

"என்ட பேரப் போடுங்க. புடவக்கடக்காரன் கத எழுதினா ஆரும் ஏச மாட்டாங்க."

அன்றிலிருந்து எழுதுவது அவள். உரக்க வாசித்துக் காட்டுவது அவர். அவர் நாக்கு எந்த இடத்தில் தடுக்குகிறதோ அந்த வரியை அவள் மாற்றி எழுதுவாள். கதை வெளிவந்த கிழமை, கடைக்கு வருபவர்கள் மர்சூக்கைப் பாராட்டுவார்கள். அவர் கூச்சத்தோடு கேட்டு வைத்துக்கொண்டு, மாலையில் ஒரு சொல் விடாமல் அவளிடம் ஒப்புவிப்பார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு இரண்டு மூன்று நாள் ஓடும். அவர் மவுத்தான பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

கணவர் காலமாகிவிட்டார், அவருடைய கதைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அவருக்குப் பதிலாக நான் வரலாமா என்று செல்லச்சாமிக்குப் பதில் எழுதினாள். ஆழ்ந்த அனுதாபம், அவசியம் வாருங்கள், அவருடைய படம் ஒன்றும் அனுப்புங்கள் என்று மறுகடிதம் வந்தது. நானாவிடம், மர்சூக்குக்கு மரியாதை செய்கிறார்கள், போகாவிட்டால் நன்றாக இராது என்றாள். அது பொய்யென்றுதான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

போய்ப் பார்த்தால் அதுவே உண்மையாக இருந்தது. முதல் நாள் மாலை பங்களாவின் பெரிய அறையில் மர்சூக்கின் படத்தைக் கதிரையில் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். தங்கள் வழக்கத்தில் இல்லாத அந்த மாலையைப் பார்த்ததும் ஜெஸீமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த தியாகராஜா அரைமணி நேரம் பேசினார். பெண்களின் மனதை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஓர் ஆண் எழுத்தாளர் மலைநாட்டில் வேறு இல்லை என்றார். பிறகு, மர்சூக் எந்த நேரத்தில் எழுதுவார், எப்படி எழுதுவார் என்று சில வார்த்தை சொல்லும்படி அவளைக் கேட்டுக்கொண்டார்கள்.

எழுந்து நின்றாள். எதிரில் ஏழு ஆண்கள். பக்கத்தில் அவருடைய படம். இப்போது வாயைத் திறந்தால், கடையில் கூச்சத்தோடு நின்ற அந்த மனிதரை ஊரார் முன் பொய்யராக்கியது போலாகிவிடும் என்று தோன்றியது. "அவர் நல்ல மனிசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வந்தவர்களில் பெண் அவள் ஒருத்திதான் என்பதால், பங்களாவுக்குக் கீழே, ஒரு காலத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் குடியிருந்த சிறிய வீட்டைக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மேசையும் தாள்கட்டும் கொடுத்தவர்கள், விருந்தாளியான அவளுக்கு ஒரு கட்டிலும் போர்வையும் கொடுத்தார்கள். மழை விட்டால் மூடுபனி. மூடுபனி விலகினால் மழை. மேலே அவர்கள் வாக்குவாதப்படுவதும் சிரிப்பதும் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் விளங்காது. சாப்பிடப் போனால் மரியாதையாக இடம் விட்டு, மர்சூக்கின் வெளிவராத கதை ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் முதல் அவள் மேலே போகாமல் சாப்பாட்டைக் கீழேயே வருவித்துக்கொண்டாள்.

கொண்டுவந்தவள் கமலம், முகாமுக்குச் சமைக்க வந்திருந்த தோட்டத்துப் பெண். தட்டை வைத்துவிட்டு, "எல்லாரும் மேல இருக்காங்க. நீங்க இங்க தனியா என்னாம்மா செய்றீங்க?" என்று கேட்டாள்.

"எழுதப் பாக்குறேன்" என்றாள் ஜெஸீமா. பன்னிரண்டு வருடத்தில் கணவரைத் தவிர வேறொருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. கமலத்துக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. ஈரக்காற்று வருகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுநாள் தன் மகனின் அப்பியாசக் கொப்பியில் எழுதாமல் மிஞ்சியிருந்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் இரண்டு பக்கம் எழுத இரண்டு நாள் சென்றது. வாசித்துக் காட்ட ஆளில்லாததால் அவளே சுவரைப் பார்த்து உரக்க வாசித்தாள். தன் கதையைத் தன் குரலில் அவள் அதுவரை கேட்டதேயில்லை. யாரோ அறிமுகமில்லாத பெண் பக்கத்து அறையிலிருந்து வாசிப்பது போலிருந்தது. மர்சூக்குக்கு நாக்குத் தடுக்காமல் போயிருக்கக்கூடிய இடங்களில் அவளுக்குத் தடுக்கியது. அழுகை வந்தபோது நிறுத்தினாள். நின்றதும் விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

ஒன்பதாம் நாள் பிற்பகல், எழுதியதை எல்லாரும் வாசித்த பிறகு, தனக்கும் பத்து நிமிடம் வேண்டுமென்று செல்லச்சாமியிடம் கேட்டு, எழுந்து வாசித்தாள். மனைவி தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் ஒருவன். சட்டையைப் புகழ்பவர்களின் சொற்களையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் சேர்ப்பவன். அவ்வளவுதான் கதை.

தியாகராஜாதான் முதலில் கேட்டார். "அப்ப, முன்னம் வந்ததெல்லாம் ஆர் எழுதினது?"

"நான்தான். அவர் வாசிப்பார்."

செல்லச்சாமி அவசரமாகச் சந்தோஷம் தெரிவித்தார். தியாகராஜாவின் முகம் வாடிவிட்டது. மர்சூக்கைப் பற்றி அவர் நீண்ட கட்டுரை ஒன்றை அச்சுக்குக் கொடுத்திருந்தார். "அவர் இருக்கேக்கையே நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"அவர் ஈக்கக்குள்ள எனக்கு அது தேவப்படல்ல" என்றாள் ஜெஸீமா.

அந்தக் கதை அவளுடைய பெயரிலேயே வெளிவந்தது. ஒரு வாசகர், 'கண்டி மர்சூக்கின் நடையை இவர் அப்படியே பின்பற்றுகிறார், தனக்கென ஒரு நடையைத் தேடிக்கொள்ள வேண்டும்' என்று பத்திரிகைக்கு எழுதியிருந்தார். வாசித்ததும் சிரித்துவிட்டாள். சிரித்தபின் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. ஜமால்தீன் நானா ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடியே, "மர்சூக் மச்சானுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றதும் திரும்பிப் போனார். ஏசவில்லை, நோன்புப் பெருநாள் வரை வரவுமில்லை.

அடுத்த வருடம் தியாகராஜாவிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரையைத் திருத்தி எழுதியிருப்பதாகவும், மாணவர்கள் அவளைப் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். ஜெஸீமா பேராதனைக்குப் போனாள். முப்பது பேர் இருந்தார்கள். பதினேழு கதைகளையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எந்தக் கதையின் பெண் யார், எந்த முடிவை ஏன் மாற்றினாள் என்று ஒளிக்காமல் சொன்னாள். ஒரு மாணவி, கதை எழுதி முடித்ததும் முதலில் யாரிடம் காட்டுவீர்கள் என்று கேட்டபோது, இப்போது யாரிடமும் இல்லை என்றாள். அதை அவர்கள் அடக்கமென்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

நாலு மணிக்கு வெளியே வந்தாள். மழை தூறியது. கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு இன்னொரு பஸ். வீட்டைத் திறந்து, காலைச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது. வெட்டி வைத்த வெள்ளைத் துணி மேசையில் கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, புதிய கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.