மூன்றாவது முறை கூப்பிட்டால்

வட்டப் பாதையில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருக்கிறது.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம், கடலோரச் சதுப்புக் காட்டுக்குள் ஒரு பாதை போகிறது. எங்கே தொடங்குகிறதோ அங்கேயே வந்து முடியும். நடுவில் உப்பங்கழி ஏரி. அதைச் சுற்றி மண் கரை. கரை முடிகிற இடங்களில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகை நடைபாதை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. பண்டமாரானில் அம்மாவும் நானும் இருந்த வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை. அங்கே நான்தான் கோமாளி. கன்டெய்னர் வந்து சேராத நாளில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை மூடுவது மாதிரி வாயை மூடினால், மறுபடி திறப்பது திங்கட்கிழமைதான். நடுவில், மாமாக் கடையில் “தே தாரேக், சீனி குறைச்சு” என்று டீ சொல்வதோடு சரி. இப்போது அந்தக் கடைக்காரரும் என் தலையைப் பார்த்ததும் கலக்க ஆரம்பித்துவிடுகிறார். அதுவும் போச்சு.

அம்மா இருந்தவரை வீட்டில் என் பெயர் ஒலித்துக்கொண்டே இருக்கும். ரிமோட் எங்கே, மாத்திரை எங்கே, வெளியே யார், மழை வருதா. அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் இருட்டில் பால்மரம் சீவப் போனவர்களின் சட்டம் ஒன்றை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். காட்டுப் பக்கம் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்பக்கூடாது. மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் திரும்ப வேண்டும். “மனுசனா இருந்தா மூணாவது தடவையும் கூப்பிடுவான். மத்ததுக்கெல்லாம் அவ்ளோ பொறுமை இல்ல.”

அந்தச் சட்டத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். அம்மா அறையிலிருந்து கூப்பிடுவார், பேசாமல் இருப்பேன். இரண்டாவது முறை, அசையமாட்டேன். மூன்றாவதில் என் பெயரோடு ‘எருமை’யும் சேர்ந்து வரும். “இப்பத்தாம்மா நீங்கன்னு உறுதியாச்சு” என்று போய் நிற்பேன். அம்மா சிரிப்பை அடக்கத் தலையணையைத் தேடுவார். படுக்கையோடு கிடந்த கடைசி மாதங்களிலும் இந்த விளையாட்டை நாங்கள் விடவில்லை.

போன வருடம் அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அலுவலகத்தில் நான் ‘பாஸ்’. வெளியில் அண்ணே, அங்கிள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, இப்படியே நான் எழுந்திருக்காமல் போனால் யாராவது தேடுவார்களா என்று தோன்றியது. திங்கட்கிழமை அலுவலகத்தில் தேடலாம். அதுவும் எம்.சி., மருத்துவ லீவு என்று நினைத்துக்கொண்டால் செவ்வாய். சிரிப்பு வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் எனக்கு முன்னால் ஒரே ஒரு கார். அதன் பக்கத்தில் என் வயதில் ஒரு தம்பதி. கிள்ளான்காரர்கள், சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தார்கள். கணவர் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தோடு சேற்றைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தனியாவா போறீங்க அண்ணே?”

“இல்லக்கா, நம்ம கேங் முன்னாலயே உள்ள போயிருச்சு. நான்தான் லேட்டு.”

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. தனியாக வந்தவன் என்று சொல்ல வாய் கூசியது.

“ஆறு மணிக்கு கேட் பூட்டிருவாங்களாம்லா. பாத்து வாங்க” என்றார்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. சாம்பல் நிறக் குரங்குகள் கரையில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக்கூடத் தலையைக் கொடுக்க ஆள் இருக்கிறது. பலகைப் பாதைக்குக் கீழே சேற்றில் மீன்கள் துடுப்பை ஊன்றித் தவழ்ந்தன. சேற்றுக்குள்ளிருந்து சட், சட் என்று ஏதோ வெடிக்கும் சத்தம். இறால் வகை ஒன்று போடும் சத்தமாம், அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. நான் ஒரு குரங்குக்கு அலுவலக நகைச்சுவை ஒன்றைச் சொன்னேன். அது முதுகைக் காட்டியது. மானேஜரும் அப்படித்தான் செய்வார்.

பாதி ஓட்டை விழுந்த கூரையோடு ஒரு நிழற்குடிசையைக் கடந்தேன். நடந்தேன். வெகுநேரம் நடந்தேன். மேகம் கறுத்தது, பலகைக்குக் கீழே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு நிழற்குடிசை. அதே ஓட்டை. அதே இடத்தில் யாரோ விட்டுப்போன நீலக் குடை.

காடு சிலரை அப்படித்தான் சுற்றவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நடப்பார்கள், நடப்பார்கள், அதே இடத்துக்கு வருவார்கள். இது வட்டப் பாதை, அதே இடத்துக்கு வருவதற்காகவே போட்ட பாதை, வெளியே போகும் கிளையை நான் பராக்குப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன் என்பதெல்லாம் இப்போது எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அப்போது மூளை லீவில் போயிருந்தது. “டத்தோ, தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க” என்று அந்த இடத்தைக் காவல் காக்கும், கண்ணுக்குத் தெரியாத பெரியவரிடம் மூன்று மொழியிலும் சொன்னேன். அவருக்கு எந்த மொழி வசதியோ.

போனை எடுத்தேன். சிக்னல் முழுதாக இருந்தது. படத்தில் வருவதுபோல் சிக்னல் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும்! பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மானேஜர். சமையல் கேஸ் தோங் கொண்டுவருபவர். குழாய் ரிப்பேர்காரர். பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ‘பயமா இருக்கு’ என்று சொல்ல அதில் ஒரு பெயர் இல்லை. ‘அம்மா’ மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. அந்த எண்ணை நானே ரத்து செய்துவிட்டேன். பெயரை அழிக்கவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பின்னாலிருந்து கேட்டது.

“அண்ணே!”

பெண் குரல். மரங்களுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. நான் திரும்பவில்லை. ஒன்று, என்று மனசுக்குள் எண்ணினேன்.

“அண்ணே!”

இரண்டு.

காத்திருந்தேன். இறால்கள் மட்டும் சட், சட் என்று வெடித்தன. மூன்றாவது வரவில்லை.

அவ்வளவுதான். என் வயதையும், முழங்கால் வலியையும், வயிற்றையும் மறந்து ஓடினேன். பலகைகள் தடதடத்தன. ஓடும்போதே ஒரு யோசனை: பேய் ஏன் அண்ணே என்று கூப்பிடுகிறது? என் பெயர் அதற்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாதபோது பேய்க்கு மட்டும் எப்படித் தெரியும்? மரியாதை தெரிந்த பேய். அந்த நிலைமையிலும் நாளைக்கு அலுவலகத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வட்டப் பாதையில் பின்னால் வருவதிடமிருந்து தப்பி ஓடினால் என்ன ஆகும்? வளைவில் எதிரே ஒரு கறுப்பு உருவம் கையை விரித்துக்கொண்டு வந்தது. நான் கத்தினேன். அதுவும் கத்தியது. பிறகு பார்த்தால் கறுப்புச் சப்பாத்து. முழுக்கச் சேறு.

“ஏன் பாஸ் இப்படி ஓடுறீங்க?” என்றார் கணவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். “அண்ணே!” என்றார் அந்த அக்கா.

“மூணு” என்றேன், திரும்பி.

“என்ன மூணு? எத்தன தடவ கூப்பிடுறது? காது கேக்காதா?”

“ரெண்டு தடவதான்க்கா கூப்பிட்டீங்க.”

அவர் இடுப்பில் கையை வைத்து என்னையே பார்த்தார். பிறகு முகம் மெல்ல மாறியது. “ஐயய்யோ. மூணாவது தடவ கூப்பிட மூச்சு இல்லண்ணே. எங்கம்மாவும் அதையேதான் சொல்வாங்க. என்னைய பேய்னு நெனச்சிட்டீங்களா?”

“எனக்கும் அந்த டவுட்டு அப்பப்ப வரும் பாஸ்” என்றார் கணவர். அவருக்கு முதுகில் ஓர் அடி விழுந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் சுற்றி முடித்து வந்து, பூட்டும் நேரம் வரை காத்திருந்திருக்கிறார்கள். நான் வரவில்லை. அந்த அக்கா, ஆளுக்கொரு பக்கமாகப் போனால் நடுவில் பிடித்துவிடலாம் என்று கணவரை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

“எனக்குத்தான் கேங் இருக்குன்னு சொன்னேனேக்கா” என்றேன், நொண்டிக்கொண்டே.

“பொய் சொல்லாதீங்க. பார்க்கிங்ல உங்க காடியும் எங்க காடியும்தான் நிக்குது. உங்க கேங் என்ன, நீந்தியா வந்துச்சு?”

நான் உள்ளே போன நேரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் காத்திருந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் பிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பியைக் கொடுத்தார். கையிலிருந்த போனை அவர்கள் கார்மேல் வைத்துவிட்டு, நின்றுகொண்டே குடித்தேன். மழை பிடித்துக்கொண்டது.

“பேர் தெரிஞ்சிருந்தா பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். உங்க பேர் என்ன?”

சொன்னேன். அடையாள அட்டையில் உள்ளதை இல்லை, வீட்டில் கூப்பிடுவதை. ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. கணவர் கையைக் குலுக்கினார். நான் என் காரை நோக்கி ஓடினேன்.

பாதி தூரம் போயிருப்பேன். மழைக்குள்ளிருந்து என் பெயர் கேட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு, சத்தமாக, முழுதாக. பின்னால் காடு, கூப்பிட்டது ஒரே ஒரு முறை.

உடனே திரும்பிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

“போனை விட்டுட்டுப் போறீங்க!” என்று அந்த அக்கா அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.