ஒலுவில் கரைக்கு டிசம்பரில் வாருங்கள்

இலங்கைக்கு வருகிறவர்களுக்கென்று அச்சடித்த சிறு புத்தகம் ஒன்று சென்ற டிசம்பரில் என் கைக்குக் கிடைத்தது. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரை போகலாம், கடல் அமைதியாக இருக்கும் என்று போட்டிருந்தார்கள். மட்டக்களப்புக்கும் அறுகம்பைக்கும் நடுவில் ஊரே இல்லாததுபோல ஒரு வரைபடம். அதே வாரம் மருதமுனையிலிருந்து ஒலுவிலுக்குப் போனேன். அந்தப் புத்தகம் விட்டதை நான் எழுதுகிறேன்.

நான் ஒலுவிலில் பிறந்தவன், கலியாணத்தால் மருதமுனைக்காரன். போர்த்துக்கீசர் விரட்டிய எங்கள் முஸ்லிம் முன்னோருக்குக் கண்டி அரசன் இந்தக் கரையில் இடம் கொடுத்தான், இங்கிருந்தவர்கள் பெண் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்தவன் பெண்ணின் வீட்டில் குடியேறினான். இன்றும் அப்படித்தான். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை.

என் தங்கை விதவை. அவள் மகளுக்கு வீடு கட்டவென்று ஏழு வருடங்களுக்கு முன் கடற்கரையோரம் பத்துப் பேர்ச் காணி வாங்கியவன் நான். வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காணியைப் பார்க்க வருவதாகச் சொன்னதால்தான் இந்தப் பயணம்.

காலை ஏழு பத்துக்கு அக்கரைப்பற்று பஸ். ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், நூற்றுப் பத்து ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள். காரைதீவு, நிந்தவூர் தாண்டும்போது வயல்வெளி தெரியும். நாங்கள் வட்டை என்போம். டிசம்பரில் கண்ணுக்கெட்டியவரை பச்சை. மேற்கே வயல், கிழக்கே கடல், இடையில் ஒரு கீற்று நிலம். அதில்தான் ஊர்களெல்லாம் மதிலோடு மதிலாக நெருங்கிக் கிடக்கின்றன. காணிக்கு நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த அகலத்தை ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

ஒலுவில் சந்தியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கடற்கரைக்கு முந்நூறு ரூபாய்.

"இந்த மழைக்குள்ள கடலப் பார்க்கவா ஹாஜியார்?"

"காணி பார்க்க."

"கடற்கரைக் காணியா? அப்ப கெதியாப் போவம், கடலுக்கு முந்தி."

நான் சிரிக்கவில்லை.

மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று. மேற்கிலிருந்து சுடச்சுட வீசும், கடல் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கினால் மழையும் அலையும் ஜனவரி வரை ஓயாது. நான் காணியை அளந்தது ஜூலையில். நான்கு மூலைக்கும் கொங்கிரீட் தூண் நட்டேன். அன்று கடல் மூன்று தென்னைக்கு அப்பால் இருந்தது.

இப்போது தென்னைகள் இல்லை. இரண்டு தூண்கள் நின்றன. மூன்றாவது அலைக்குள் சாய்ந்து கிடந்தது. நான்காவதைத் தேடவில்லை. மாப்பிள்ளையின் சாச்சா, அவருடைய வாப்பாவின் தம்பி, குடையோடு நின்றார். பக்கத்தில் என் தங்கை.

"கடல் திரும்பிப் போகும். கச்சானுக்கு வந்து பாருங்க" என்றேன்.

"அப்ப கச்சானுக்கு ஒரு வீடு, வாடைக்கு ஒரு வீடா ஹாஜியார்?" என்றார் சாச்சா. குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் எரிந்தது.

காணியின் உறுதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அளவு எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. அவர் வாங்கவில்லை.

"போதும் காக்கா, அத மடிச்சி வைங்க" என்றாள் தங்கை. பிறகு அவரிடம், "நான் இரிக்கிற வீட்ட மகளுக்கு எழுதிக் குடுக்கன்."

"நீ எங்க இரிக்கிற?" என்று கேட்டேன்.

"பின்னுக்குச் சமைக்கிற குசினி இரிக்கிதானே."

சாச்சா தலையசைத்தார். அங்கேயே கலியாணப் பேச்சு முடிவானது.

கரை ஏன் போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அலுவலகங்களில் நானும் கேட்டேன். தேநீர் தந்தார்கள். காணியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. உறுதி என் பெட்டியில் இருக்கிறது.

வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். குடை காற்றுக்கு நிற்காது, மழையங்கி கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பூட்டியிருக்கும். டிசம்பரில் வாருங்கள். அமைதியான கடலைப் பார்த்து எங்கள் கரையை எடைபோட்டு நானே ஏமாந்தேன். யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். முன்னறையில் புது மருமகனோடு உட்காரவைத்து, நல்ல மீன் தருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் குசினிப் பக்கம் போய், சமைத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அவள் பாய் அங்கேதான் சுருட்டி வைத்திருக்கும்.