மாமனார் பேர் வைத்த கம்பெனி

மடடேனி என்ற கறுப்பர் குடியிருப்பின் ஏழாம் பிரிவில் மாம்பத்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. உத்ரெக்ட் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி தின்று நுரையீரல் கெட்டுச் செத்தாரே எல்ஃபஸ் ம்பத்தா, அவருக்கு மூன்றாவது மகள். மூத்தவள் தெம்பானி டான்ஹவுசரில் வாழ்க்கைப்பட்டு, ஒற்றை மகளை விட்டுவிட்டுச் சின்ன வயதிலேயே கண்ணை மூடினாள். அந்த மகள்தான் சிபுயீலே. அவளைப் பதிமூன்று வயதிலிருந்து வளர்த்தது சின்னம்மாவான மாம்பத்தாதான்.

மாம்பத்தா வாக்கப்பட்டது லொங்குவானே வீட்டில். மாமனார் பேர் மாண்ட்லகாயிசே. மருமகள் வாயில் மாமனார் பேர் வரக்கூடாது. அவர் மண்ணுக்குப் போய் இருபது வருஷமாகியும் அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறியதில்லை. பெற்ற மகனுக்கே தாத்தா பேரை வைத்துவிட்டார்கள். அவனையும் அப்பா என்ற அர்த்தத்தில் 'பாபா' என்றே கூப்பிட்டு வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியாரிடம் பேர் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப் போனவள்.

நியூகாசிலில் கோல்வில் துரையின் துப்புரவுக் கம்பெனியில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. காலையில் கம்பெனி அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பாள். பிறகு மற்ற பெண்களோடு வேனில் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவாள். மொத்தம் பன்னிரண்டு பேர். சிபுயீலேயும் அதில் ஒருத்தி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் துரை அவளைக் கூப்பிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"இது உங்க ஆளுங்களுக்காக வந்த சட்டம், மாம்பத்தா. உனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. இங்க போடு கையெழுத்து."

போட்டாள். அந்த டிசம்பரில் மற்றவர்களுக்கு ஒரு கோழி கிடைத்தபோது அவளுக்கு இரண்டு கோழியும் ஒரு மூட்டை மக்காச்சோள மாவும் கிடைத்தன. அடுத்த மாதம் கம்பெனிப் பலகையை மாற்றினார்கள். துரை பெருமையோடு அவளை வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். பலகையில் மாண்ட்லகாயிசே என்று பெரிய எழுத்து. வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த தாளில் மகன் பேரைப் பார்த்திருக்கிறார். தாய்க்கு மகன் பேரைவிட இனிப்பு உண்டா என்று அவர் நினைப்பு. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. மாம்பத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். வெட்கப்படுகிறாள் என்று துரை நினைத்துக்கொண்டார்.

பி.ஈ.ஈ. என்ற அந்தச் சட்டம் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்கு வரும் ஷேர் டாக்சி வேனில் மட்டும் தினமும் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

"பி.ஈ.ஈ.ன்னா என்ன தெரியுமா?" என்பான் டிரைவர் முசா. "மந்திரியோட மச்சானுக்கு மாமியார் வீட்டு விருந்து. நமக்கு எச்சில் இலை கூட கிடையாது."

"போடா, ஒனக்கு எல்லாத்துலயும் கரிச்சுக் கொட்டணும். அது பென்ஷன் மாதிரி. கறுப்பங்களுக்கெல்லாம் வரிசையா வரும். பேரு பதிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்" என்பாள் முன்சீட்டுக் காய்கறிக்காரி.

மாம்பத்தா காய்கறிக்காரி கட்சி. கையெழுத்துப் போட்டாயிற்று, பேர் பதிந்திருக்கும், தபாலில் ஏதோ ஒருநாள் வரும் என்று இருந்துவிட்டாள்.

வந்தது தபால் அல்ல, ஆள். முன்பெல்லாம் காகிதத்தை மட்டும் பார்த்து, இது கறுப்பர் முதலாளியாக இருக்கும் கம்பெனி என்று சான்று கொடுத்தவர்கள், இந்த வருஷம் முதலாளியை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றார்களாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அந்த முதலாளி தான்தான் என்று மாம்பத்தாவுக்குத் தெரிந்தது திங்கட்கிழமை. ஆள் வருவது புதன்கிழமை. நடுவில் இருந்த ஒரே நாளில் கணக்கெழுதும் அம்மாள் அவளுக்குப் பாடம் நடத்தினாள். எத்தனை ஆட்கள், எந்த வருஷம் ஆரம்பித்தது, எத்தனை வேன். எல்லாம் ஒப்பித்தாள். பேரைச் சொல்லச் சொல்லி மட்டும் யாரும் கேட்கவில்லை. தன் கம்பெனி பேர் யாருக்குத்தான் தெரியாது?

புதன்கிழமை காலை டாக்சியில் சிபுயீலே அவள் தொடையைக் கிள்ளினாள். "சின்னம்மா, இன்னைக்கு உன் தேவாலயத்து நேர்மையெல்லாம் வீட்லயே வச்சிட்டு வந்தேல்ல? அந்தச் சான்று கிடைக்கலன்னா ஆஸ்பத்திரி வேலை போச்சு. பன்னண்டு வீட்ல அடுப்பு எரியாது. என் ரெண்டு பிள்ளைங்களையும் உன் வாசல்லதான் கொண்டாந்து விடுவேன், ஆமா."

"உன்னையே வளத்தேன். அதுங்க ரெண்டும் எனக்குப் பாரமா?" என்றாள் மாம்பத்தா.

அக்கா சாவுக்கு வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு துரையின் நாற்காலியில் உட்கார்ந்தாள். சான்றுக்காக விசாரிக்க வந்தவள் லொண்டேக்கா என்ற முப்பது வயதுப் பெண். கையைக் கூப்பாத குறையாகக் குனிந்து, "நல்லா இருக்கீங்களா மா?" என்று கேட்டாள். ஆட்களைக் கேட்டாள்; சரி. வேன்களைக் கேட்டாள், சரி.

"கம்பெனி பேரைச் சொல்லுங்க மா. பதிவு பண்ணிக்கிறேன்."

மாம்பத்தா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "வெளியில... பலகையில பெருசா எழுதியிருக்கே மகளே."

"அதைப் பாத்துட்டுத்தான் வரேன். உங்க வாயால வரணும்."

துரை மூலையில் நின்று தலையை ஆட்டி ஆட்டி ஊக்கம் கொடுத்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் உதட்டை அசைத்துக் காட்டினார். மாம்பத்தாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாய் நின்றது; அந்த ஊரில் ஜூலை குளிர்காலம்.

லொண்டேக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "சார், ஒரு டீ கிடைக்குமா?" துரை வெளியே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மாமனார் பேரா மா?"

மாம்பத்தா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நானும் மருமகதான். எங்க ஊரு ஸ்டாப்புக்கு என் மாமனார் பேரு. டாக்சிக்காரன்கிட்ட கையக் காட்டித்தான் இறங்குறேன்." சிரித்தாள். சிரிப்பு நின்றது. "வாய்விட்டுச் சொல்ல முடியாத பேரை எந்த மருமகம்மா தன் கம்பெனிக்கு வைப்பா?"

மாம்பத்தா மேசையைப் பார்த்தாள். பதினாறு வருஷமாகத் துடைத்த மேசை.

"காகிதப்படி நூத்துல ஐம்பத்தொண்ணு பங்கு உங்களுது."

"அந்த ஐம்பத்தொண்ணு எங்க இருக்கு மகளே? நான் இந்த ரூமை மூலைமுடுக்கெல்லாம் கூட்டியிருக்கேன். கண்ணுல பட்டதில்லையே."

"அதைத்தான் நான் எழுதணும். எழுதட்டுமா?"

பன்னிரண்டு அடுப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆமாம் என்றால் வேலை போகும். பேரைச் சொல்லித் தொலைத்தால் செத்தவரும் சும்மா விடமாட்டார், உயிரோடிருக்கிற மனசும் விடாது.

"ஐம்பத்தொண்ணுக்காரி என்னென்ன கேக்கலாம்?"

"எல்லாம் கேக்கலாம். கூட்டம் கூப்பிடலாம், கணக்கைக் காட்டுன்னு சொல்லலாம், லாபத்துல பங்கு வாங்கலாம். சட்டம் வந்ததே அதுக்குத்தான்."

"அப்ப உள்ளதை எழுது. பொய் கலக்காத."

துரை டீயோடு வந்தார். "பாஸ், அங்க உக்காருங்க" என்று மாம்பத்தா விருந்தாளி நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"உன்னை நான் நல்லாத்தானே வச்சிருந்தேன் மாம்பத்தா?"

"வச்சிருந்தீங்க பாஸ். ரெண்டு கோழி குடுத்தீங்க. என்னை முதலாளி ஆக்கினீங்களே, அதை மட்டும் எங்கிட்ட சொல்ல மறந்துட்டீங்க."

லொண்டேக்கா சான்று தராமல்தான் எழுந்தாள். "ஆஸ்பத்திரி ஒப்பந்தம் செப்டம்பர் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள அந்தப் பங்கை நிஜமாக்கிட்டுக் கூப்பிடுங்க சார். இல்லன்னா இந்தத் தாள் மோசடி விசாரிக்கிற ஆணையத்துக்குப் போகும்."

அன்று சாயங்காலமே சேதி பரவிவிட்டது. சிபுயீலே டாக்சியில் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். "அம்மா இல்லாத பிள்ளைன்னு வளத்து, இப்ப வயித்துல அடிச்சிட்டா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். "பேசாம தலையாட்டியிருந்தா முதலாளியாவே இருந்திருப்பா" என்றான் முசா. மாம்பத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

துரை வக்கீலிடம் ஓடினார். கம்பெனியை மூடிவிடுவேன் என்றார். வைக்கோல் தின்ற மாடு மாதிரி இரண்டு வாரம் அசை போட்டார். ஆஸ்பத்திரியை விட்டால் அவருக்கும் பிழைப்பில்லை. கடைசியில் மாம்பத்தாவின் பங்கை நிஜமாக்கிப் புதுக் காகிதம் எழுதப்பட்டது. இந்தத் தடவை அதை அவளுடைய தாய்மொழியான இசிசூலுவில் வரிவரியாகப் படித்துச் சொல்ல ஆள் வைத்த பிறகுதான் அவள் பேனாவைத் தொட்டாள். லொண்டேக்கா மறுபடி வந்தாள், சான்று கிடைத்தது. ஆஸ்பத்திரி வேலை தப்பியது.

மறுநாள் டாக்சியில் சிபுயீலே முன்னால் வந்து, சின்னம்மா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தப் பழக்கம் டான்ஹவுசர் ரத்தத்திலேயே கிடையாது.

"சரி, நீ பங்குக்காரி ஆயிட்ட. அந்த ஐம்பத்தொண்ணுல எங்க பதினோரு பேருக்கு என்ன?"

முசா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். காய்கறிக்காரி திரும்பிப் பார்த்தாள். மாம்பத்தாவுக்கு அது இதுவரை தோன்றவே இல்லை.

"பத்து மணிக்குக் கூட்டம் கூப்பிடுறேன்" என்றாள். "எல்லாரும் வாங்க. பாஸும் இருப்பாரு. இதை அங்க வந்து கேளு, சத்தமா கேளு."