யபாடே என்றால் வேண்டுமா, வேண்டாமா

பர்மியரிடம் டீ வேண்டுமா என்று கேட்டால் "யபாடே" என்பார். பரவாயில்லை என்று பொருள். வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் அதே சொல்தான். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பர்மியரைக் கட்டிக்கொண்டு யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பேட்டையில் குடித்தனம் செய்கிற எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் அமெரிக்கக் கல்லூரிக்காரனின் முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

மகள் அங்கே விண்ணப்பித்தாள். முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் போக முடியும். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையின் மதிப்பெண்ணை அனுப்புவது உங்கள் விருப்பம் என்று கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. யாங்கோன் பரீட்சை மையத்தில் இடம் கிடைக்காமல் பாங்காக் வரை போய் அதை எழுதியிருந்தாள். நல்ல மதிப்பெண்தான். ஆனால் போன வருஷம் சேர்ந்த பிள்ளைகள் வாங்கியது என்று அதே பக்கத்தில் ஒரு எண் இருந்தது. இவளுடையது அதற்குக் கொஞ்சம் கீழே. விருப்பம் என்றால் அந்த எண்ணை எதற்காகப் போட வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அனுப்பிடு. மறைச்சா, ரொம்ப மோசம்போலன்னு நெனைப்பான்" என்றேன்.

"அனுப்புனா மோசம்னு தெரிஞ்சே போயிடுமேம்மா."

கல்லூரிக்கே எழுதிக் கேட்டோம். உங்களை எது நன்றாகக் காட்டும் என்று நினைக்கிறீர்களோ அதைச் செய்யுங்கள், எதைச் செய்தாலும் பாதகமில்லை என்று பதில் வந்தது. வழவழ கொழகொழ! என் கணவர் படித்துவிட்டு, இவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான் போலிருக்கிறது என்று பர்மியில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி நாளில் கரண்ட் வேறு போய்விட்டது. கைப்பேசியிலேயே, மதிப்பெண் இல்லாமல் அனுப்பினாள்.

போன வாரம் முடிவு வந்தது. இடம் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. காத்திருப்போர் பட்டியலாம். இன்னும் ஆர்வம் இருந்தால், புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால், விரும்பினால் எழுதலாமாம். கட்டாயம் இல்லையாம்.

"இப்பவாவது மார்க்கை அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாளே என்று தெருமுனையில் மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மொஹிங்கா, வாங்கிவந்து நீட்டினேன்.

"யபாடே" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. முகம் தெரியவில்லை.

"வேணுமா, வேணாமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேண்டி!" என்று கத்திவிட்டேன்.

"அதை அந்த காலேஜ்காரங்ககிட்ட கேளும்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.