அவன் மூச்சு வாங்கிய இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருத்தணியில் ஒரு ஆடிக் கிருத்திகை அன்று நடந்தது இது.

காவடிக்குப் பம்பை அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஊர் ஊராய் அடித்து, பிறகு முருகன் பாட்டு எழுதி, கடைசியில் சொந்தமாகக் கேசட் போடும் அளவுக்கு வந்துவிட்டேன். அட்டையில் ‘தயாரிப்பு’ என்று போட்டு என் பெயர் வரப்போகிறது என்றதும் கால் தரையில் நிற்கவில்லை.

என் பாட்டுகளை ஊர்த் திருவிழாக்களில் பாடி வந்தவன் என் மனைவியின் தம்பி; அக்கா புருஷனான என்னைப் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவான். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டினான். தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய குரல், மைக்கே வேண்டாம். பஞ்சுத் தூசியால் நெஞ்சு மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் நீளமாக மூச்சு வாங்குவான். அது வெளியே தெரியாதபடி அந்த இடத்தில் நான் பம்பையை ஒரு உருட்டு உருட்டிவிடுவேன்.

சென்னையில் ஒலிப்பதிவுக்கு அவனைத்தான் அழைத்துப் போனேன். அவன் பாட, நான் அடிக்க, எட்டுப் பாட்டும் முடிந்தது. ஆனால் அவன் பாடியது ‘டிராக்’. பெயர் பெற்ற பாடகர் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காக முதலில் வேறொருவர் பாடி வைப்பது. பாடகர் வந்து அதே இடத்தில் பாடியதும் முதல் குரல் மட்டும் அழிந்துவிடும், மேளம் அப்படியே இருக்கும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது சாதாரணம். அவனுக்குத் தெரியாது. எனக்கோ சொல்ல வாய் வரவில்லை. கேசட் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோழை மாதிரி தள்ளிப்போட்டேன்.

கிருத்திகை அன்று அவன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மலைப்படி ஓரத்துக் கேசட் கடை முன்னால் எல்லோரையும் நிறுத்தி, “என் கொரலு வரப்போவுது, கம்முனு கேளுங்க” என்றான்.

பாட்டு வந்தது. வேறு குரல்.

அவன் மனைவி என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் மட்டும் பாட்டு முடியும்வரை நின்று கேட்டான்.

“நல்லாத்தான் கீது பாவா. பாட்டு உன்னுதுதானே” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறினான்.

அதற்குப் பிறகு அவன் பாடவே இல்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இரண்டு வருடத்தில் நெஞ்சு நோய் அவனைக் கொண்டுபோனது. கருமாதி முடிந்து சில நாள் கழித்துப் போனபோது அவன் மனைவி கேட்டாள்.

“அண்ணா, மெட்ராஸ்ல பாடினாரே, அதுல ஒண்ணாவது கீதா? அப்பா கொரலு வோணும்னு பொண்ணு அழுதுகினே கீது.”

“இல்லம்மா. அழிச்சிட்டோம்” என்றேன். அதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை நான் என் வாயால் சொன்னதில்லை.

“சரி, அந்தக் கேசட்டையே போடுங்க” என்றாள். போட்டேன். முதல் சரணத்துக்கு முன்னால் பம்பை உருண்டது. அவள் சட்டென்று மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆங்... இங்கதான். இங்கதான் உங்கப்பா மூச்சு வாங்குவாரு.”

அதற்குப் பின் எத்தனையோ கேசட் போட்டேன், பாடியவரிடம் சொல்லாமல் ஒரு குரலையும் அழித்ததில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒருவனின் நினைவாக இன்று என்னிடம் மிச்சம் இருப்பது, அவன் மூச்சை மறைக்க நான் அடித்த அந்த உருட்டு மட்டும்தான்.