தொண்டையைச் செருமுகிற பாட்டு

டெக்ஸஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்தபோது அம்மாவிடம் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் இருந்தது. இந்தியாவுக்குத் திரும்பிப் போன ஒரு தமிழ்க் குடும்பத்திடம் வாங்கியது. ஏசி வேலை செய்தது, ஹாரன் வேலை செய்தது, ரேடியோ மட்டும் ஒரே நிலையத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. கண்ட்ரி என்கிற பழைய பாணி அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளை மட்டுமே போடுகிற நிலையம் அது. அப்பா சரிசெய்து தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியராக இருந்ததால் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. ஆகவே அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது, ஃப்ரீவேயில் ஏறப் பயந்தது, பிறகு பயம் தெளிந்தது எல்லாமே கிடாரும் பிடிலும் பின்னால் ஒலிக்கத்தான் நடந்தது.

அந்தப் பாட்டுகளில் பாதி வார்த்தை அம்மாவுக்குப் பிடிபடாது. டெக்ஸஸ்காரர்கள் பேசினாலே இழுவை, பாடினால் கேட்கவே வேண்டாம். நாலாம் வகுப்பில் இருந்த நான்தான் பின்சீட்டிலிருந்து அர்த்தம் சொல்வேன்.

"இவரோட வைஃப் போயிட்டாங்க."

"இப்பப் பாடறவரு?"

"இவரோட வைஃபும் போயிட்டாங்க."

"ஏன் கண்ணு, இந்த ஊர்ல யார் பொண்டாட்டியும் தங்க மாட்டாளா?" என்பாள் அம்மா.

ஒரு குளிர்காலக் காலையில் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளை இறக்கிவிடுகிற கார் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ரேடியோவில் ஒரு கிழவர் பாடத் தொடங்கினார். துணைக்கு ஒரு கிடார் மட்டும். முன்னால் இருந்த கார்கள் நகர்ந்தன, எங்கள் கார் நகரவில்லை. நான் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன். அம்மா கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைப் பிடித்து, "கொஞ்சம் இரு கண்ணு" என்றாள். எங்களுக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரை நீண்டிருக்க வேண்டும். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, அடித்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. கடைசியில் ஒரு ஆசிரியை வந்து ஜன்னலைத் தட்டினார். எல்லாம் சரிதானே, உதவி வேண்டுமா என்று அவர் அன்போடு விசாரித்துக்கொண்டிருந்தபோது பாட்டு முடிந்து, பாடியவர் பெயரை அறிவிப்பாளர் சொன்னார். அது எங்கள் காதில் விழவில்லை. அடுத்து மெத்தை விளம்பரம் வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பி வரும்போது, அந்தப் பாட்டில் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள்.

"மாட்டைப் பத்தி. அவரோட மாடு வேலி தாண்டி பக்கத்து ஃபார்முக்குப் போயிடுச்சு. வான்னு கூப்பிடறாரு. வரல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து அதைத் தேட ஆரம்பித்தாள்.

அம்மா தனக்கென்று எதையும் தேடி நான் பார்த்ததில்லை. அவள் விரும்புகிற பொருள் கிடைக்காவிட்டால் அதை விரும்பாமல் இருந்துவிடுவது அவள் வழக்கம். அப்படிப்பட்டவள் இந்த மாட்டுப் பாட்டை விடமாட்டேன் என்றது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. முதலில் ரேடியோ நிலையத்துக்கு என்னைப் பேசச் சொன்னாள். போனை எடுத்தவர், அந்த நிகழ்ச்சி வேறு ஊரில் பதிவாகி வருவது, பட்டியல் எதுவும் தன்னிடம் இல்லை என்றார். எதைப் பற்றிய பாட்டு என்று கேட்டார். மாட்டைப் பற்றி என்றேன். "பாப்பா, நாங்கள் போடுகிற பாட்டில் பாதி மாட்டைப் பற்றியதுதான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா எங்களை ஆஸ்டினில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார். முடியைப் பின்னால் கட்டியிருந்த ஒருவர் அங்கே இருந்தார். பால் வாங்கும் கடையில்கூட இங்கிலீஷ் பேசக் கூச்சப்படும் அம்மா, அவர் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டை முனகினாள். நாமக்கல்லில் பள்ளிக்கூட நாட்களில் பாட்டு வகுப்புக்குப் போனவள் அவள். ஒரு சுரத்தை நேராகத் தொட்டு நேராக விட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொன்றையும் அசைத்து, வளைத்து, ஒரு சுற்றுச் சுற்றித்தான் கீழே வைத்தாள். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார். மிக அழகாக இருக்கிறது, ஆனால் இப்படி ஒரு பாட்டை வாழ்க்கையில் கேட்டதில்லை என்றார். எனக்கு மானம் போயிற்று. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் பாடுவது போல அதே மெட்டைத் தட்டையாக, நேராகப் பாடிக் காட்டினேன். கடைக்காரர் விறுவிறென்று நடந்துபோய் ஒரு அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவி வந்து சுழலவிட்டார்.

அதே பாட்டுதான். பிடில் இருந்தது, பின்னால் கோரஸ் இருந்தது. பாடியவர் இளைஞர், குரல் கண்ணாடி மாதிரி. அப்பா முகம் மலர்ந்து பர்ஸை எடுத்தார்.

"பாட்டு இதுதானுங்க. ஆளு இவரு இல்லீங்க" என்றாள் அம்மா.

கடைக்காரர், இந்தப் பாட்டை எழுதியதே இவர்தான், வேறு யாரும் பாடியதில்லை என்று அடித்துச் சொன்னார். அப்பாவும் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இவரேதாம்மா" என்றார்.

"அன்னிக்குப் பாடினவருக்கு வயசாயிருச்சுங்க. நடுவுல ஒருக்கா தொண்டையைச் செருமுவாரு."

"செருமறதுக்காகவா ஒரு பாட்டைத் தேடறே?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் ரசிகர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு நடனக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பழைய பாடகர்களின் ரசிகர்கள் அங்கே கூடுவார்கள், கடையில் கிடைக்காததெல்லாம் அவர்களிடம் இருக்கும் என்றார்.

போகும் வழியெல்லாம் அப்பா முணுமுணுத்தார். போய்ச் சேர்ந்ததும் அவர்தான் முதலில் வாய் பிளந்தார். தகரக் கூரை போட்ட மரக் கொட்டகை. ஏழெட்டுப் பேர் மேடையில் வாசிக்க, எழுபது வயதுக் கணவன் மனைவிகள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பின்சுவரை ஒட்டி நீளமான மேசைகள், அவற்றின்மேல் கேசட்டுகளும் சிடிக்களும் அட்டை கிழிந்த தட்டுகளும். ஒரு மேசைக்குப் பின்னால் நீலத் தொப்பி வைத்த ஒரு பெரிய ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். சுடிதாரில் இருந்த அம்மாவைப் பார்த்து, வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கனிவாகக் கேட்டார்.

நான் பாட்டைச் சொன்னேன். அவர் அலட்சியமாக அந்த இளைஞரின் சிடியை எடுத்து நீட்டினார். அது இல்லை, வயதான பிறகு பாடியது, நடுவில் தொண்டையைச் செருமுவார் என்றேன்.

ஆன்ட்டி சிடியைக் கீழே வைத்தார். "இங்கே வா" என்று கணவரைக் கூப்பிட்டார். "இந்தப் பெண்மணி இருமலைக் கேட்கிறாள்."

அதன் பிறகு நடந்தது ஒரு சபை. தொப்பிகள் ஒவ்வொன்றாக வந்து கூடின. அவர் அதை இரண்டு முறைதான் பதிவுசெய்தார் என்றார் ஒருவர். மூன்று என்றார் இன்னொருவர். அது இருமலே இல்லை, நாற்காலிச் சத்தம் என்று ஒருவர் சொல்ல, ஆன்ட்டி அவரை ஒரே பார்வையில் உட்கார வைத்தார். பாடகர் கடைசிக் காலத்தில் மருமகன் வீட்டு கராஜில் உட்கார்ந்து தன் பழைய பாட்டுகளையெல்லாம் ஒரே மூச்சில் பாடினாராம். எதையும் திருத்தவில்லை. பாடப் போன இடங்களில் மட்டும் தானே அந்த சிடியை விற்றார். வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். "எல்லாரும் இளமைக் குரலைத்தான் கேட்பார்கள். உன் அம்மாவுக்குக் காது இருக்கிறது" என்று ஆன்ட்டி என்னிடம் சொன்னார். அங்கிருந்த எல்லாரும் அம்மாவை ஒரு பெரிய ரசிகையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அப்பாகூடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

அந்த சிடி மேசையில் இல்லை, ஆன்ட்டியின் டிரக்கில் இருந்தது. வெயிலில் நடந்துபோய் முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். அப்பா வெளியே நின்றார். அதே கிழவர், அதே கிடார். மாடு வேலி தாண்டியது. அவர் கூப்பிட்டார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாட்டை நிறுத்தி, யாரோ நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல, ஒருமுறை தொண்டையைச் செருமினார். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

"இதே. இதேதான்" என்றாள் தமிழில். ஆன்ட்டிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் இன்னும் பாடுகிறாரா, போய்ப் பார்க்க முடியுமா என்று அப்பா ஜன்னல் வழியாகக் கேட்டார். இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன என்றார் ஆன்ட்டி. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவள் ஏமாந்தது போலத் தெரியவில்லை.

தன்னிடம் இருக்கும் ஒரே பிரதியை ஆன்ட்டி தரவில்லை, ரசிகர்கள் தரமாட்டார்கள். பிரதி எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். அம்மா தினமும் தபால் பெட்டியைப் போய்ப் பார்த்தாள். ஒருநாள் காற்றுக் குமிழ்கள் வைத்த தபால் உறையில் அது வந்து சேர்ந்தது.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்போது எனக்கு அது வேறு கதையாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் நாமக்கல்லில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இறந்துபோயிருந்தார். எங்கள் கிரீன் கார்டு பாதி வழியில் இருந்தது, வெளியே போனால் உள்ளே வர முடியாதென்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மா போகவில்லை. அப்புச்சியை நான் பார்த்தது குழந்தையாக இருந்தபோது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அது மட்டும்தான் எனக்கு அவரைப் பற்றித் தெரியும். அவர் போட்டோக்கள் வீட்டில் நிறைய இருந்தன. அவர் பேசியதை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை, அப்படி ஒன்று தேவைப்படும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

சிடி வந்த சனிக்கிழமை காலையில் அம்மா நாமக்கல்லில் இருந்த பெரியம்மாவைப் போனில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். போனை ஸ்பீக்கரில் போட்டு சிடி பிளேயர் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, பேசாம இதைக் கேளு."

எதற்கு என்று பெரியம்மா கேட்பதற்குள் பொத்தானை அமுக்கினாள். பாட்டு ஓடியது. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத பெரியம்மா, இந்நேரம் சலித்துப் போனை வைத்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிழவர் தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பாட்டு முடிந்தது.

பிறகு பெரியம்மா கேட்டாள்: "அப்பா எப்பப் புள்ள இங்கிலீசுப் பாட்டெல்லாம் படிச்சாரு?"

அம்மா சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

பெரியம்மாவுக்கு ஏதோ குழப்பம் என்று நான் ஓடிப்போய்ப் போன் பக்கத்தில் குனிந்தேன். "பெரியம்மா, அது அப்புச்சி இல்ல. அவர் இந்த ஊர் தாத்தா. மாடு காணாமப் போனதுக்குப் பாடறாரு."

"அப்படியா சாமி" என்றாள் பெரியம்மா. "இன்னொருக்கா போடச் சொல்லு."

அம்மா மறுபடி பொத்தானை அமுக்கினாள். மாடு என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.